புழுவுக்குக் கண் போன கதை

மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள், அதன்பின் சிறுவர் கதை எழுத ஆரம்பித்தார். முதல் புத்தகம், நிலாவைப் பார்த்து ஆசைப்படும் ஒரு மண்புழுவைப் பற்றியது. படம் போட்டது அவருடைய தம்பி. புழுவுக்கு இமைமுடியோடு இரண்டு பெரிய கண்கள் வைத்திருந்தார். மண் அறிவியலையே கரைத்துக் குடித்த அக்கா, கதைதானே என்று விட்டுவிட்டார்.

புத்தகம் வந்ததும் தொடக்கப் பள்ளிகளில் கூப்பிட்டார்கள். பாதி நேரம் அறிவியல், மீதி நேரம் கதை எழுதுவது என்று அவரே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஈர மண் நிரப்பிய கண்ணாடிப் பெட்டியில் நாலைந்து மண்புழுக்களோடு பஸ் ஏறுவார். பக்கத்து இருக்கைக்காரர்கள் தாமாகவே எழுந்து இடம் விட்டார்கள். பிள்ளைகள் அவருக்கு 'புழு மிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கணவர் காலையில், "இன்னைக்கு எல்லாரும் எந்த ஸ்கூலுக்குப் போறீங்க?" என்று பெட்டியையும் சேர்த்தே கேட்பார்.

ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் போனார். நூலகத்திலிருந்து அவருடைய புத்தகத்தை ஆளுக்கொரு பிரதி கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். தலைமை ஆசிரியைக்குப் புழு என்றாலே ஆகாது. வாசற்படியைத் தாண்டாமல், "ரொம்ப அருமையான முயற்சி" என்றார்.

புழு மிஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். "இதுக்குக் காது கிடையாது. கண்ணும் கிடையாது. தோலாலதான் மூச்சு விடுது."

முன்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"கண்ணு கிடையாதுன்னா இது என்ன மிஸ்?" புத்தக அட்டையைக் காட்டினாள்.

"அது கதைக்காக வெச்சது."

"கண்ணே இல்லாம நிலாவ எப்படிப் பாத்துச்சு?"

"கதையில பாக்கலாம்மா."

"அப்ப நீங்க இப்ப சொன்னதும் கதையா?"

பின்வரிசையில் யாரோ அட்டையிலிருந்த கண்ணைப் பேனாவால் கிறுக்கி அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு எல்லா வரிசையிலும் கேட்டது. "அது லைப்ரரி புத்தகம்!" என்று தலைமை ஆசிரியை வாசலிலிருந்தே கத்தினார். உள்ளே வந்து பிடுங்கியிருப்பார், பெட்டி திறந்திருந்தது.

புழு மிஸ்ஸுக்கு முகம் சுண்டிப்போனது. வேலையில் இருந்த காலத்தில் எந்த அதிகாரியும் அவரை இப்படி மடக்கியதில்லை. கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. பெட்டியைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது.

"ஜன்னலெல்லாம் சாத்துங்க" என்றார். பையிலிருந்த டார்ச்சை எடுத்து அந்தச் சிறுமியிடமே கொடுத்தார். "தலையில வெளிச்சம் அடி."

"எந்தப் பக்கம் தலை?"

"போற பக்கம்."

வெளிச்சம் பட்டதும் புழு வெடுக்கென்று சுருங்கி மண்ணுக்குள் போனது.

"பாத்துருச்சு!" என்று வகுப்பே கத்தியது.

"பாக்கல. தோலுக்கு வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். நிலா வந்தா அதுக்கு எப்படி இருக்கும்? எழுதுங்க."

எழுதினார்கள். நிலா முதுகில் கிச்சுகிச்சு மூட்டியது என்று ஒருவன் எழுதினான். அந்தச் சிறுமி சீக்கிரமே முடித்துவிட்டு எழுந்து வாசித்தாள்:

"மேல ஏதோ பளிச்சுன்னு இருந்துச்சு. எனக்குப் பிடிக்கல. உள்ள போயிட்டேன்."

"அவ்வளவுதானா?" என்றார் தலைமை ஆசிரியை.

"அதான் உள்ள போயிடுச்சே மிஸ்."

பஸ்ஸில் வரும்போது புழு மிஸ் அந்த மூன்று வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். தன் புத்தகத்தில் அப்படி மூன்று வரி தேறுமா என்று யோசித்தார். தேறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டார். "அடுத்த பதிப்புல கண்ணை எடுத்துடு."

"கண்ணு இல்லாம எப்படிக்கா சிரிக்கும்?"

"சிரிக்காது."

"கயிறு மாதிரி இருக்குமே!"

"புழு அப்படித்தான்டா இருக்கும்."

தம்பி சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கண்ணில்லாமல் வரைந்து அனுப்பினார். அக்கா கதையையும் திருத்தினார். புதுப் பதிப்பு முன்னைவிடக் குறைவாகத்தான் விற்றது. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் வாங்குகிறவர்கள் பெற்றோர்.

இப்போது நத்தையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். தம்பி முன்ஜாக்கிரதையாகக் கேட்டார்: "நத்தைக்காவது கண்ணு உண்டா?"

"உண்டு. கொம்பு நுனியில."

"கொம்பு நுனியிலயா? யார் காதுல பூ சுத்தற?" என்று போனை வைத்துவிட்டார். மழை விட்டதும் அவர் தோட்டத்தில் நெடுநேரம் குனிந்து நத்தை தேடிக்கொண்டிருந்ததாகத் தம்பி மனைவி சொன்னார்.