வெளிநாட்டுப் பிரசையின் வாக்கு

என் அக்கா கனடாப் பிரசை. இதை நான் யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. போன சிறுபோக நெல் விதைப்புக்கு முன்னர் வட்டக்கச்சிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, அவரே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பாண் வாங்கப் போன கடையில்கூட, பிரசாவுரிமை எடுத்த கதையைச் சொல்லி, நற்பிரசை என்றால் வரிசையில் நிற்கவேண்டும் என்றும் விளக்கியிருக்கிறார். அப்போது கடையில் இருந்தது அக்காவும் கடைக்காரரும் மட்டுந்தான்.

அவர் வந்து இரண்டாம் கிழமை, குளத்துத் தண்ணீர் திறக்க முன்னர் வாய்க்கால் துப்பரவாக்கும் வேலை வந்தது. குடும்பத்துக்கு ஒருவர் மண்வெட்டியோடு போகவேண்டும். நான் முதல் நாள் உரமூட்டை தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"நான் போறன்," என்றார் அக்கா.

"அக்கா, அங்க சேறு. அட்டையும் கடிக்கும்."

"இத்தனை வருசம் பனி அள்ளினனான். சேறு என்னை என்னடா செய்யும்?"

என் பழைய சேட்டொன்றையும் தன் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு போனார். பத்து மணிக்குத் திரும்பிவிடுவார் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். பொழுதுபடத்தான் வந்தார். முழங்கால்வரை சேறு. அவரை வாய்க்காலின் கடைசிப் பகுதிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே தனியாக வயல் செய்யும் ஒரு பெண்ணோடு சிநேகிதமாகி, அவரின் கருவாட்டுக் குழம்பில் பாதியையும் சாப்பிட்டு வந்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் கமக்காரர்களின் கூட்டம். நான் மெல்ல நடந்து போனேன். அக்கா சும்மா பார்க்கவென்று கூட வந்தார். மழை குறைவு, குளத்தில் தண்ணீரும் குறைவு. வழக்கமாகக் குளத்துக்குக் கிட்டவுள்ள வயல்களுக்குத்தான் முதலில் தண்ணீர். எங்கள் வயல் மேலிருந்து இரண்டாவது. ஆகவே அந்த வழக்கத்தின்மேல் எனக்கு நல்ல மரியாதை உண்டு.

அக்காவின் புதுச் சிநேகிதியான கடைசி வயல்காரப் பெண் எழுந்தார். "மேலயிருந்து கீழ வரேக்க எங்களுக்கு மிஞ்சுறது வெறும் ஈரம்தான். இந்த முறை கீழயிருந்து துவங்குங்கோவன்."

செயலாளர், என்னைவிட இளையவர், அதற்கு ஆதரவானவர்களைக் கை உயர்த்தச் சொன்னார். உயர்ந்த கைகளில் ஒன்று அக்காவுடையது.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் இப்ப வெளிநாட்டுப் பிரசையெல்லோ. இஞ்ச உங்களுக்கு வாக்கில்லை," என்றார் செயலாளர்.

அக்காவின் முகம் கறுத்துப்போயிற்று. பிறந்த ஊருக்கு விசா எடுத்து வந்தவர். அதைப் பகிடியாகச் சொல்லிச் சிரித்தவர், இதற்குச் சிரிக்கவில்லை. கையை இறக்கினார். ஆனால் வாய் இறங்கவில்லை.

"வாய்க்கால் துப்பரவாக்கேக்க ஒருத்தரும் என்னட்டப் பாஸ்போட் கேக்கேல்லையே தம்பி?"

மண்டபம் சிரித்தது. கடைசி வயல்காரப் பெண் விடவில்லை. "குடும்பத்துக்கு ஒரு ஆள் வேலை, ஒரு வாக்கு. அதுதானே எங்கட முறை? அந்த வீட்டிலயிருந்து வேலைக்கு வந்தவா இவாதான். இவாவே போடட்டும்."

செயலாளர் என்னைப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

ஊருக்கு முன்னால் அக்காவை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஓம், அக்காவே போடட்டும்," என்றேன். எங்கள் வயல் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பினேன். ஞாபகம் இருந்தது. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அதே கையை மறுபடியும் உயர்த்தினார்.

கீழ்வயல்காரர் வென்றார்கள். எங்கள் வாக்கு இல்லாவிட்டாலும் வென்றிருப்பார்கள். அதுதான் என் கவலை. யாருக்கும் தேவைப்படாத அந்த ஒரு வாக்குக்காக மேல்வயல்காரர்கள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

வீடு திரும்பும்போது கேட்டேன். "எங்கட வயலுக்கு எதிராவே போட்டிட்டியளே அக்கா?"

"எங்கட வயலுக்குத் தண்ணி பிந்தி வரும். அவளின்ர வயலுக்கு வராமலே போயிடும். ரெண்டும் ஒண்டேடா?"

நான் பேச்சைக் கனடாவுக்குத் திருப்பினேன். "கனடாவிலயும் இப்பிடி யோசிச்சுத்தான் போடுறனீங்களோ?" என்றேன்.

அக்கா நடையை வேகமாக்கினார். "அங்க நான் இன்னும் ஒருக்காலும் போடப் போகேல்லையடா. வேலைநாளிலதான் வைக்கிறாங்கள்," என்றார். பிறகு தன்னை அடக்கமுடியாமல் சிரித்தார். நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

எங்கள் வயலுக்குத் தண்ணீர் பிந்தித்தான் வந்தது. நெல்லும் பிந்தி விளைந்தது, ஆனால் விளைந்தது. அதற்குள் அக்கா போய்விட்டார். சில மாதங்கள் கழித்து, தடித்த குளிர்ச் சட்டையோடு ஒரு பள்ளிக்கூட வாசலில் நிற்கும் படத்தைத் தொலைபேசியில் அனுப்பினார். வேலைக்கு அரைநாள் லீவு போட்டு வாக்களிக்கப் போயிருந்தாராம்.

உடனே அழைத்தேன். "ஆருக்கக்கா போட்டனீங்கள்?"

"அது ரகசியமடா. உங்கட மண்டபத்தில மாதிரிக் கையைத் தூக்கி மாட்டுப்படுறேல்லை இஞ்ச."