கெபியில் வைத்த மாத்திரை

நாட்டு மருந்துக் கடை நடத்துகிறவளுக்குத் தராசைவிட நாக்குதான் முக்கியம். கூடக்குறைய நிறுத்தால் மறுநாள் சரிக்கட்டிவிடலாம், கூடக்குறையப் பேசினால் ஆளே போய்விடும். அப்படி நிறுத்துப் பேசத் தெரியாமல் மைக்கைப் பிடித்தது நீங்கள்தான். அட்டுவம்பட்டி மண்டபத்தில் நீங்கள் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தால் எங்கள் லூர்து பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டாள். பெயரைச் சொல்லி உங்களை நாறடிக்கப் போவதில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஊருக்கே தெரியும். ஆனால் இதைக் கோபத்தில் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி அடுக்குகிறேன்.

கொடைக்கானலில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சாக்கை விரித்துப் பூண்டு விற்றவள், பேசிப் பேசியே ஷட்டர் போட்ட கடை வரைக்கும் வந்தேன். பூண்டு, தைலம், பொடி வகை, சத்துமாவு, இவைதான் சரக்கு. இதே சோலியில் இருக்கிற மற்றவர்களும் இதைப் படிக்கட்டும். நான் சொல்லப்போகிற மாதிரி ஆட்கள் அவர்கள் கடைக்கும் வந்திருப்பார்கள்.

கைதட்டல்

மேலே ஒரு ரிசார்ட்டில் உடல்நல முகாம் நடத்த வந்த உங்களை, ஊர்ப் பெண்களுக்கும் ஒரு சாயங்காலம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டரம்மா என்று அறிமுகம் செய்தார்கள். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. நோய் வந்தபிறகு ஓடாதீர்கள், வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். கீரை சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், நடங்கள், தூங்குங்கள், வீட்டு வேலையில் பாதியை ஆம்பளைகள் தலையில் கட்டுங்கள் என்றீர்கள். அத்தனையும் நல்ல பேச்சு. நானே கை வலிக்கத் தட்டினேன். மறுநாள் முருங்கைப் பொடி போகும் என்று மனசு ஒரு பக்கம் ஓடியதும் நிசம்தான்.

முடிக்கும்போது சொன்னீர்கள்: "மாத்திரைங்கிறது ஊன்றுகோல்தாம்மா. குணமானவங்க ஊன்றுகோலைக் கீழ வச்சிட்டு நடந்து போகணும்." எந்த மாத்திரை, யாருக்கு, யாரைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் இல்லை. அதற்குள் டீ வந்துவிட்டது.

என் பக்கத்து நாற்காலியில் லூர்து. பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல். வருசக்கணக்காகப் பிரஷர். அவளுக்கு மாத்திரையோடு ஒரு பழைய பகை உண்டு: காலையில் அதைப் போட்டால் அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பிள்ளைகள் தட்டோடு நிற்கும்போது தோசைக்கல்லை விட்டு ஓட முடியாது. டீயைக்கூடக் குடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏக்கா, இந்த ஒரு வார்த்தையச் சொல்ல இத்தன நாளா நமக்கு ஒரு ஆளில்லாமப் போச்சே."

குடிக்கச் சொன்னவர்

அடுத்த வாரம் பேத்துப்பாறையிலிருந்து செல்வி வந்தாள். தோட்டக் கூலி. நீர்க்கடுப்பு என்று நெருஞ்சில் பொடி கேட்டாள். இதே கடுப்புக்கு இதே பொடியை முன்பும் வாங்கியவள். காய்ச்சலும் இருக்கு என்றாள். எனக்கு எரிச்சல். "பொடி இருக்கட்டும், மொதல்ல ஆஸ்பத்திரியில யூரின் டெஸ்ட் குடு. கூட்டத்துல சொன்னாங்கல்ல, தண்ணி குடிக்கிறியா நீ?" என்று கத்தினேன்.

அவள் சேலை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிதானமாக நின்றாள். கேரட் காட்டில் ஒண்ணுக்குப் போக ஒரு மறைப்பு கிடையாது என்றாள். மேல் படியில் வேலை செய்தால் கீழ்ப்படியில் இருக்கிற ஆம்பளைகளுக்கு எல்லாம் தெரியும். அதனால் வெள்ளனே காட்டுக்குள் இறங்கும் பெண்கள் சாயங்காலம் வீடு திரும்புகிற வரைக்கும் தொண்டையை நனைப்பதோடு சரி. செல்வி சொன்னாள்: "குடிக்கச் சொன்னவுங்க, போறதுக்கும் ஒரு எடத்தக் காட்டிட்டுப் போயிருக்கலாம்லக்கா?"

சத்துமாவு

கவுஞ்சி ஊர்ப் பாண்டியம்மாவுக்கு ரத்தம் கம்மி. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடு, மாவும் காய்ச்சிக் குடி என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். மாவு மட்டும் மாதம் தவறாமல் வாங்கிப் போகிறாள். முகமோ வெளுத்தது வெளுத்தபடி கெடக்கு. இப்படி ஒருத்தி ஊருக்குள் நடமாடினால் என் மாவின் கதி என்ன?

ஒருநாள் உட்காரவைத்து விசாரித்தேன். காய்ச்சியதும் முதல் டம்ளர் புருசனுக்கு. அடுத்தது மகன்கள் இரண்டு பேருக்கும். பாத்திரத்தில் ஒட்டியதை வெந்நீர் ஊற்றிக் கழுவி இவள் குடிக்கிறாள். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்தியாயிற்று. "ஏன்டி, சீக்கு ஒனக்கா அந்தாளுக்கா?" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பாண்டியம்மாவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. "அவரு தெம்பா இருந்தாத்தான என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு."

வேண்டாம் என்று சொன்ன சரக்கு

நீங்கள் பேசியதை யாரோ ஃபோனில் பிடித்துப் பரப்பியிருக்கிறார்கள். சுற்றுலா வந்த ஒரு தாயும் மகளும் அதைக் காட்டிக்கொண்டே கடை ஏறினார்கள். மகளுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறதாம். அதற்கு மிளகோடு சேர்த்துக் கொடுக்கிற கழற்சிக்காய்ப் பொடி வேண்டுமாம். அந்த அம்மா பேரத்தில் எனக்கு அக்கா. விலையைக் குறை, கூட ஒரு தைலம் போடு, பூண்டு ஒரு பிடி போடு என்று நெருக்கினார். நானும் விடவில்லை. மனசுக்குப் பிடித்த சண்டை, ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்தது.

விலை படிந்த நேரத்தில், "தைராய்டு மாத்திரைய இன்னையோட நிறுத்திட்டு இதக் குடுக்கப் போறேங்க" என்றார். எடுத்த பொட்டலத்தைத் திரும்ப ஜாடிக்குள் கொட்டினேன். அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள், அதுவரைக்கும் இந்தப் பொடி வேண்டாம் என்றேன். மகள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். தாய் ஜாடியை உற்றுப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்குகிற "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" பலகையைப் பார்த்தார். "விக்கிறவங்களே வேணாங்குறீங்கன்னா சரக்குல என்னமோ இருக்கு. வாடி, அடுத்த கடையில பாப்போம்."

உபதேசியாரின் பை

எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் பாறை மாதிரி கட்டி, அதற்குள் மாதாவை வைத்த கெபி ஒன்று உண்டு. குணமானவர்கள் அங்கே காணிக்கை வைப்பார்கள். கால் முறிந்து எழுந்தவர் ஊன்றுகோலை அங்கே சாத்திவிட்டு நடந்து போவார். கைக்கட்டை அவிழ்த்தவர் கட்டுத்துணியை வைப்பார். வைத்ததை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். எடுத்தால் நோயும் கூடவே வரும் என்று பயம். இந்த ஊருக்காரியான எனக்கே, நீங்கள் ஊன்றுகோல் என்று சொன்னபோது இது ஞாபகத்துக்கு வரவில்லை. லூர்துவுக்கு வந்திருக்கிறது.

கோயில் சோலிகளைப் பார்க்கிற உபதேசியார் ஒரு பாலிதீன் பையோடு என் கடைக்கு வந்து, அதை மேசைமேல் கவிழ்த்தார். அத்தனையும் மாத்திரை அட்டைகள். பிரஷர், சர்க்கரை, தைராய்டு, என்னென்னவோ. மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் கிடந்ததாம். மருந்து விற்கிறவள் என்பதால் என்னிடம் வழி கேட்டு வந்திருக்கிறார். ஓர் அட்டையில் மஞ்சள் விரல் ரேகை அப்படியே இருந்தது. சமையல்கட்டுக் கை. யார் கை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உபதேசியார் தலையைச் சொறிந்தார்: "வெள்ளிக் கை காலுன்னா உண்டியல்ல சேத்துருவேன், மெழுகுன்னா உருக்கிருவேன். இத நான் என்னங்க பண்ணட்டும்?"

பேரம்

அன்றைக்கே ஹாஸ்டல் சமையல்கட்டின் பின்வாசலுக்குப் போனேன். லூர்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலைவலி இருக்கிறதா என்றால் இல்லை என்கிறாள். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறாள். அவள் அம்மா இதே பிரஷரில் ஒரு பக்கம் இழுத்து, பேச்சு வராமல் கிடந்தே போனவர். அதைச் சொல்லிப் பார்த்தேன். "அதனாலதான்க்கா வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

சரி, பேசித் தீர்க்கலாம் என்று இறங்கினேன். வைத்த அட்டை மாதாவுக்கே இருக்கட்டும், ஆஸ்பத்திரியில் புது அட்டை வாங்கிக்கொள் என்றேன். "ஊன்றுகோல மாதாகிட்ட வச்சிட்டு, வீட்டுக்குப் போயி வேற கோல் ஊண்டுவாங்களா?" தோசைதான் தொல்லை என்றால் நர்ஸம்மாவைக் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். கத்தி நின்றது, யோசித்தாள். இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடுவாள் என்று நினைத்து, "பதிலுக்கு மாதாவுக்கு ஒரு கட்டுப் பெரிய மெழுகுவர்த்தி, நான் வாங்கித் தாரேன்" என்றேன். அங்கேதான் கெட்டது. லூர்து கத்தியைக் கீழே வைத்தாள். "ஏக்கா, மாதாகிட்டயுமா பேரம்? அவங்க என்ன பூண்டா விக்கிறாங்க?"

ஃபோனில் வந்த குரல்

மாதா கோயில் சாமியார் பூசையில் சொன்னார், மாத்திரை போடுவது பாவம் இல்லை என்று. லூர்து மாதிரியே அட்டையை வைத்திருந்த மற்ற பெண்கள் ஒவ்வொருத்தராக உபதேசியாரிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு அவரவர் அட்டையை வாங்கிப் போனார்கள். லூர்து மட்டும், "பாவம்னு நான் சொல்லவே இல்லையே சாமி, கொணமாயிட்டுன்னுதான சொல்றேன்" என்றுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் ரிசார்ட்டு வாசலில் ஒரு சண்டை போட்டு உங்கள் நம்பரை வாங்கினேன். நீங்கள் ஃபோனை எடுக்கவில்லை. விவரத்தைச் சொல்லி அனுப்பினேன். குரல் பதிவு ஒன்று திரும்பி வந்தது. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, ஓர் உவமைக்காகச் சொன்னது, அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன செய்வது, டாக்டரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சமையல்கட்டில் லூர்துவைக் கேட்க வைத்தேன். முழுவதையும் கேட்டாள், இன்னொரு தடவை போடச் சொல்லியும் கேட்டாள். கேட்டுவிட்டு ஃபோனைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். "எல்லாரையும் வச்சுக்கிட்டு மைக்ல சொன்னத, இப்பிடி ஒளிஞ்சுக்கிட்டு ஃபோன்ல அழிச்சா அழியுமாக்கா?"

மூக்கில் ரத்தம்

போன வாரம் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற லூர்துவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியிருக்கிறது. வெரசா வா என்று ஹாஸ்டலில் இருந்து எனக்கு ஆள் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். நர்ஸம்மா அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி அமுக்கினார், பார்த்தார், மறுபடியும் அமுக்கினார். இரண்டாவது தடவை முகம் மாறி டாக்டரைக் கூப்பிட ஓடினார். டாக்டர் வந்தார். அங்கே படுத்திருந்தவரைக்கும் மருந்து உள்ளே போனது. வீட்டுக்கு வந்ததும் பழையபடி மாத்திரை வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆனால் இந்தத் தடவை குணமாகிவிட்டது என்று அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போதே என் தோளில் சாய்ந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஒரு வழி சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்காக: "அந்தம்மா வந்து, அதே எடத்துல நின்னு, 'ஒனக்கு இன்னும் ஊன்றுகோல் வேணும், எடுத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்க்கா, அன்னைக்கே முழுங்குறேன்."

மண்டபத்தில் பேசிவிட்டேன், மைக் செட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், நாற்காலி போட ஆள் இருக்கிறது, முன்வரிசையில் லூர்து உட்காருவாள். என் கடையில் அந்தப் பலகை தொங்கினாலும் வண்டு விழுந்த மாவை நான் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் விற்றது வெறும் வார்த்தைதானே, அவள் இன்னொரு முறை விழுவதற்கு முன்னால் மலை ஏறி வந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போங்கள்.