ஜெயஸ்ரீ அக்காவின் கவுண்டர் நம்பர்

ஜெயஸ்ரீ அக்கா பதினோரு வருஷம் எங்கள் கடையில் பட்டுப் பிரிவில் நின்றவர். தாம்பரம் மார்க்கெட் பக்கத்து ஜவுளிக்கடை அது. நான் அங்கே பில் போடுகிறேன். கவுண்டரில் நிற்பவர்கள் புடவையைத் தங்கள் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். விற்றால் அவரவர் நம்பரில் கமிஷன் ஏறும். அக்காவுக்குச் சம்பளம் வாடகையோடு சரி, கமிஷனில்தான் சாப்பாடு.

தைராய்டு வந்து உடம்பு போட்டதும், மேனேஜர் தேவானந்தம் அவரை மூன்றாவது மாடிக்கு, மடிப்பு செக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டார்.

"நின்னா கால் வலிக்கும், பாவம். மேல உக்காந்தே வேலை பாருங்க."

என்ன கரிசனம்! அவருடைய தொப்பை மட்டும் கீழே ஏசியிலேயே இருந்தது.

நம்பர் போயிற்று. தீபாவளிக்குள் இளைத்தால் கவுண்டர் திரும்பக் கிடைக்கும் என்று அக்கா நம்பினார். ராத்திரிச் சோற்றை விட்டார். பஸ் ஏறாமல் சேலையூர் வரை நடந்தார். எடை இறங்கவில்லை, மனுஷிதான் ஓய்ந்துபோனார்.

போன வாரம் மேடவாக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார், மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க. கனத்த உடம்பு. கவுண்டரில் நின்ற ஓவியா ஒல்லிக்குச்சி. அவள் எதைப் போட்டுக் காட்டினாலும் அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"உனக்குக் கோணியைச் சுத்தினாலும் அழகாத்தாம்மா இருக்கும். எனக்கு எப்படி இருக்கும்னு யார் காட்டுறது?"

மேனேஜர் மேலே போன் போட்டார். அக்கா மூச்சு வாங்க இறங்கி வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அரக்குப் பட்டைத் தோளில் போட்டு மெல்லத் திரும்பிக் காட்டினார். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆறு புடவை எடுத்தார்.

"சார், அக்கா நம்பர்?" என்று கேட்டேன்.

"மடிப்பு செக்‌ஷனுக்கு ஏதும்மா நம்பர்? ஓவியா நம்பர்லயே போடு."

போட்டேன். எனக்கும் வாடகை இருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது.

"நான் கேக்கலக்கா" என்றாள் ஓவியா, கண் கலங்கி.

"வுடு, உன் மேல இன்னா கோவம்."

மேனேஜர் சிரித்தபடி வந்தார். "சூப்பர் ஜெயஸ்ரீ! இந்த மாதிரி கஸ்டமர் வந்தா இனிமே கூப்பிடுறேன்."

அக்கா கைப்பிடியைப் பிடித்துப் படியேறினார். கீழே விரித்துப் போட்ட இருபது புடவைகளும், மடிப்பதற்காக, அவர் பின்னாலேயே மேலே போயின.