துரைசானியின் வில்லுக்குப் பிடி செய்த கதை

தச்சு வேலையில் கை வைத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: நம்மிடம் சாமான் செய்யச் சொல்கிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது, நாம் அதைச் செய்து முடித்துக் கையில் கொடுத்த பிறகுதான் தெரியவரும். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார சர்க்கார் அவசரகாலம் போட்டிருந்தபோது கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் நான் ஆசாரியாக இருந்தேன். கூலிகள் குடியிருந்த லயத்துக் கதவு, தொட்டில், பெஞ்சு, சவப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே உளிதான். ஒருநாள் அந்த உளிக்கு ஒரு வில்லும் வந்து சேர்ந்தது.

கிராணியின் மொழிபெயர்ப்பு

எஸ்டேட் மேனேஜரான வெள்ளைக்காரத் துரை பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர்த் தோட்டத்துக்குப் போனால் முன்னும் பின்னும் துப்பாக்கிக்காரர்கள் போவார்கள். அவர் மனைவி துரைசானிக்கு அந்த ஊர்வலம்கூடக் கிடையாது. பங்களாவைச் சுற்றி முள்கம்பி. அதைத் தாண்டக் கூடாது என்பது துரையின் கட்டளை. அடைந்து கிடந்த அந்த அம்மாள், புல்வெளியில் லாலான் புல்லைக் கட்டி நிறுத்தி அம்பு விட ஆரம்பித்தார்.

வில் என்றால் கூத்தில் ராமர் வேஷக்காரர் பிடிக்கும் வளைந்த குச்சி அல்ல. நடுவில் ஒரு மரப்பிடி. அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு பட்டை, நுனி எதிர்ப்பக்கமாக மடங்கியிருக்கும். பட்டைகளைப் பிடியில் வைத்து போல்ட் முறுக்கினால் வில். கழற்றினால் பெட்டிக்குள் அடங்கிவிடும். பிடி, மரத்துண்டுகளைப் பசை போட்டு ஒட்டியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை இளகி, ஒருநாள் இழுக்கும்போதே பிளந்துவிட்டது.

எஸ்டேட் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி என்னை அழைத்துக்கொண்டு போனார். துரைசானி இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். கையை நீட்டிக் காட்டினார், கண்ணைச் சுருக்கிக் காட்டினார், பிளந்த துண்டுகளை எடுத்து எடுத்துக் காட்டினார். கிராணி எல்லாவற்றுக்கும் "யெஸ் மேடம்" என்று தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி மொத்தத்தையும் தமிழில் சொன்னார்:

"ஒரு பிடி வேணுமாம். நல்லா இருக்கணுமாம்."

வாழையிலையில் ஒரு கை

உடைந்த துண்டுகளிலிருந்து நீளமும் போல்ட் துளைகளும் கிடைத்துவிட்டன. ஆனால் பழைய பிடி ஆம்பளைக் கைக்குச் செய்தது, தனக்குப் பெரிது என்று துரைசானியே அரைகுறை மலாயில் சொன்னார். அவர் கையைப் பிடித்து அளவெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. கிராணியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கட்டுக்குப் போய்ச் சமையல்காரரிடம் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து வாங்கி வந்தேன். துரைசானி சிரித்துக்கொண்டே அதை வில்லைப் பிடிப்பது மாதிரி அழுத்திப் பிடித்தார். விரல்கள், உள்ளங்கை மேடு, கட்டைவிரல் பள்ளம் எல்லாம் அச்சாக விழுந்தன.

அதை வாழையிலையில் சுற்றிக்கொண்டு பங்களா கேட்டுக்கு வந்தேன். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்க்கிற காலம். காவலுக்கு நின்ற மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள் இலையைப் பிரித்தார். இது என்ன என்று கேட்டார். துரைசானியின் கை என்றேன். அவர் மாவை முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பங்களா பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே துரைசானி முழுசாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். மனுஷன் இலையை மறுபடி மடித்துக் கொடுத்தார்.

"சரி, போ லா. வழியில யாருக்கும் இந்தக் கையைத் தின்னக் கொடுத்துடாதே."

லோரியில் போன கட்டை

புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் தொங்கவிட்ட பழைய உத்தரம் ஒன்று கிடந்தது, செங்கால் என்கிற காட்டு மரம். வருஷக்கணக்காகப் புகை குடித்த மரம், முறுக்காது, வெடிக்காது. கனம்தான் அதிகம். அதிலிருந்து பிடியை இழைத்து, மாவு அச்சைப் பார்த்துப் பார்த்துக் குடைந்து, எண்ணெய் தேய்த்தேன். போல்ட் துளைக்குப் பித்தளைக் குழாய் வைத்தால் மரம் தேயாது. அதற்கு டவுனில் பட்டறை நடத்தும் சீனரிடம் போக வேண்டும். பிடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எஸ்டேட் லோரியில் ஏறினேன்.

டவுனுக்கு முன்னால் ரோட்டில் தடுப்பு. மாத்தா, அதாவது போலீஸ்காரர், சாக்கை உதறினார். உள்ளங்கைக்கு வளைவு, விரலுக்குப் பள்ளம், போல்ட்டுக்குத் துளை, பளபளவென்று எண்ணெய். செய்த எனக்கே அந்த நிமிஷம் அது துப்பாக்கிக் கட்டை மாதிரித்தான் தெரிந்தது. ஆயுதத்தோடு பிடிபட்டால் தூக்கு என்பது அப்போது குழந்தைக்கும் தெரியும். அதுவரை தன் மகள் கல்யாணத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசிவந்த லோரி டிரைவர், என்னை முன்னே பின்னே பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டார்.

ஸ்டேஷனில் சார்ஜன் தமிழர். போன உயிர் பாதி திரும்பியது. துரைசானி, லாலான் கட்டு, மாவு, புகைக்கூடம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை உள்ளே வைத்துப் பூட்டினார்.

"ஆசாரி, பொய் சொல்றதுன்னா வெள்ளைக்காரன் நம்புற மாதிரி சொல்லணும். எனக்கே நம்ப முடியல."

பப்பாளி மரம்

ஆனாலும் நல்ல மனுஷன், எஸ்டேட்டுக்கு போன் போட்டிருக்கிறார். துரை காட்டில் இருந்ததால் போனை எடுத்தது துரைசானி. கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்து நின்றது. முள்கம்பியைத் தாண்டி, பெட்டியும் கையுமாக அந்த அம்மாளே இறங்கி வந்தார். கும்பிடுவதற்காக லாக்கப் கம்பி ஓரம் எழுந்து நின்றேன். அவர் கண் மேஜைமேல் இருந்த பிடியில் இருந்தது.

அதை எடுத்து இடது கையில் பொருத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். விரல்களைத் திறந்து மறுபடி மூடினார். முகர்ந்து பார்த்துச் சிரித்தார். பிறகு அங்கேயே பட்டைகளை வைத்து போல்ட் முறுக்கினார். துளை கொஞ்சம் தளர்ச்சி. சார்ஜன் படித்துக்கொண்டிருந்த பேப்பரை வாங்கிக் கிழித்து மடித்துச் செருகினார். நாண் ஏற்றிக்கொண்டு முற்றத்தில் இறங்கியதும் அங்கிருந்த மாத்தாக்கள் எல்லாம் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்கள். நான் உள்ளே இருந்ததால் எனக்குப் பயமில்லை. முதல் அம்பு பப்பாளி மரத்தில் தைத்தது. அடுத்ததும் அதன் பக்கத்திலேயே தைத்தது.

துரைசானி சார்ஜனைப் பிடித்துக்கொண்டார். கனமான பிடி, அதனால்தான் அம்பு விடும்போது உதறவில்லை. கை தானாகப் போய் உட்காருகிறது. பழைய பிடி இப்படி இல்லை என்று மூச்சுவிடாமல் பேசியதைச் சார்ஜன் பின்னால் எனக்குச் சொன்னார். அவர் சல்யூட் அடித்தார். அம்மாள் வில்லைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, ஜீப்பில் ஏறிப் போயே போய்விட்டார். முற்றத்தில் தூசி அடங்கியது. நான் உள்ளிருந்து "சார்ஜன்" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ இன்னும் போகலையா?"

துரையின் தமிழ்

அன்று சாயங்காலம் துரை என் பட்டறைக்கே வந்துவிட்டார். அவருக்குப் பால்மரக் காட்டுத் தமிழ் நன்றாக வரும். மனைவி கம்பியைத் தாண்டிப் போனதற்கு யாரையாவது திட்டியாக வேண்டும். வீட்டில் அது நடந்திருக்காது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சுருட்டைப் பற்றவைத்தார். என் உளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஆசாரி, அம்மா சந்தோஷம். நான் சந்தோஷம் இல்லே. இன்னொண்ணு செய்யாதே."

மண்டோரும் பன்றியும்

துரை பேச்சை யார் கேட்டார்கள்? லயத்துக்குப் பின்னால் மரவள்ளியைக் காட்டுப்பன்றி தோண்டித் தள்ளிக்கொண்டிருந்தது. துப்பாக்கி கேட்டால் கொடுக்க மாட்டார்கள். துரைசானியின் பிடியைப் பற்றிக் கேள்விப்பட்ட கூலிகளுக்குக் கங்காணியாக இருந்த மண்டோர் கோவிந்தன், தனக்கும் அதேபோல் ஒன்று வேண்டும் என்று என் உயிரை எடுத்தார். நிபோங் பனையைச் சீவி வில்லாக்கி, நடுவில் அவர் கைக்குத் தக்க ஒரு பிடி வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

பிடித்துப் பார்த்த மண்டோர், "ஆகா, கையில வச்ச மாதிரியே இல்ல" என்று உருகினார். லயமே வேடிக்கை பார்க்க இழுத்து விட்டார். நாண் அவர் முன்கையில் விளாசியது. அந்த இடம் கத்திரிக்காய் மாதிரி வீங்கியது. அம்பு மரவள்ளியையும் வேலியையும் விட்டுவிட்டு, அவர் வீட்டுக் கோழிக்கூட்டுக் கதவில் போய் நின்றது. அவர் மனைவி அம்பைப் பிடுங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அடுத்த தடவை இவருக்கு வெறும் பிடி மட்டும் செஞ்சு குடுங்க. வில்லு வேண்டாம்."

தொழில் தோழர்களே, நம் கைச் சாமான் நன்றாக அமைந்துவிட்டால் பார்த்தவர் எல்லாரும் அதைப் பற்றியே பேசுவார்கள். செய்தவன் கம்பிக்கு உள்ளே நிற்கிறானா வெளியே நிற்கிறானா என்று மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள்.