பட்டுச் சிவப்பில் ஒரு ‘வேண்டாம்’

இணையக் கடைக்குள் நுழைந்ததும் “குக்கிகளுக்குச் சம்மதமா?” என்று ஒரு பட்டை வந்து பாதித் திரையை மறைக்கிறதே, அதைச் சட்டப்படி ஒழுங்காகச் செய்து கொடுப்பதுதான் என் தொழில், ஆகவே நீங்கள் இதுவரை திட்டிய திட்டெல்லாம் எனக்கு முறையாக வந்து சேர்ந்துவிட்டது. இதே பிழைப்பில் கிடந்து அல்லாடும் சக ஜீவன்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம். குக்கி என்பது, நீங்கள் ஒரு தளத்துக்குப் போனதும் அது உங்கள் போனில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்பு. மறுமுறை உங்களை அடையாளம் கண்டுகொள்ளவும் அது உதவும், ஊரெல்லாம் உங்கள் பின்னாலேயே வரவும் உதவும். ஐரோப்பாக்காரர்களிடம் வியாபாரம் செய்வதானால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

வாசலில் என்ன எழுதுவது?

தி. நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டுப்புடவைக் கடை. முதலாளிக்குத் திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவருடைய மருமகள் பொன்மணி இரண்டாவது மாடியில் ஆன்லைன் விற்பனை ஆரம்பித்து, மூன்று வருஷத்தில் அதை ஜெர்மனி வரைக்கும் கொண்டுபோயிருந்தாள். அங்கிருந்து அவளுக்கு வாடிக்கையாளர்களை அனுப்பிவைக்கும் நிறுவனம் ஒரு நாள் கடிதம் போட்டது: மூன்று வாரத்தில் சம்மதப் பட்டையைச் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். எடுத்துவிட்டால் மாடியைக் குடோன் ஆக்கிவிடுவதாக அண்ணாச்சி சொல்லிவிட்டார். பொன்மணி பழையபடி கீழே வந்து பில் போட வேண்டியதுதான். போனில் அவள் குரல் உடைந்ததைக் கேட்டு, மேற்கு மாம்பலத்திலிருந்து ஆட்டோவுக்குக்கூடக் காத்திராமல் நடந்தே போய்விட்டேன்.

விஷயத்தை அண்ணாச்சிக்கு விளக்கினேன். பக்கம் திறந்ததும் ‘சரி’ என்று ஒரு பொத்தான் வர வேண்டும், பக்கத்திலேயே அதே அளவில் ‘வேண்டாம்’ என்று இன்னொன்றும் வர வேண்டும் என்றேன். அவர் முகம் கறுத்துப்போனது. கல்லாவில் இருந்த சாமி படத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஏம்மா, மொத ஆளு உள்ள வாறதுக்கு முந்தியே வாசல்ல ‘வேண்டாம்’னு எழுதி மாட்டச் சொல்லுதியே, அப்புறம் எனக்கு எப்படிம்மா போணி ஆவும்?”

கூடவே நடப்பவர்கள்

போணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, தளத்தில் யார் யார் குக்கி போடுகிறார்கள் என்று தோண்டினேன். பொன்மணிக்குத் தெரிந்தது மூன்று. கிடைத்தது பதினேழு! தளத்தை முதலில் கட்டிக்கொடுத்த ஆள் எதற்கோ வைத்தது, என்றோ ஒரு தீபாவளித் தள்ளுபடிக்குச் சேர்த்தது, எவனோ இலவசமாகக் கொடுத்த அரட்டைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோர் போனிலும் ஒரு வார்த்தை கேட்காமலே குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பொன்மணிக்கே தெரியாத பதினாலு பேரின் பட்டியலை அச்செடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினேன். இவர்களெல்லாம் யார், நம் கடையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். உங்கள் வாடிக்கையாளர் எந்தப் புடவையைப் பார்க்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார், இங்கிருந்து எங்கே போகிறார் என்று கவனிக்கிறார்கள் என்றேன். மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “நம்ம கடைக்கு வாற பொம்பளையாளுவ பின்னாலயே பதினாலு பேரு நடக்கானுவ, ஒருத்தனாவது ஒரு கர்ச்சீப்பு வாங்கியிருக்கானா? அத்தன பேரையும் வெளிய தள்ளு!”

தள்ளினேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

நான் செய்த கோழைத்தனம்

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்களும் இதைச் செய்திருப்பீர்கள். அண்ணாச்சியோடு இன்னொரு முறை மல்லுக்கட்டத் தெம்பில்லாமல், ‘சரி’யைப் பெரிய பட்டுச் சிவப்புப் பொத்தானாகப் போட்டேன். ‘வேண்டாம்’ சொல்ல விரும்புகிறவர், சாம்பல் நிறத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு எழுத்தைத் தொட்டு, அடுத்த பக்கம் போய், அங்கே ஏற்கெனவே டிக் அடித்துவைத்த கட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடைசியில் சேமிக்க வேண்டும். அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. எனக்குக் காபி வந்தது, கூடவே ஒரு தட்டு முறுக்கும்.

நான்காம் நாள் ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. மறுப்பது சம்மதிப்பதைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும், இது செல்லாது, இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. பொன்மணி அதை இரண்டு தரம் படித்தாள். என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் வலித்தது. “அக்கா, நீங்க எங்க மாமாவைச் சந்தோஷப்படுத்த வந்தீங்களா, என் வேலையைக் காப்பாத்த வந்தீங்களா?”

ரஹீம் பாய் வாயைத் திறந்தார்

தரைத்தளத்தில் புடவை விரிப்பவர் ரஹீம் பாய். இருபது வருஷமாகக் கடையிலேயே அதிகம் விற்பவர் அவர்தான். மறுநாள் நான் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது அவர் விற்பதைக் கவனித்தேன். ஒரு அம்மாவுக்கு ஒவ்வொரு புடவையாக விரித்து, “புடிக்கலயா, வேணாம்னு சொல்லிடுங்கம்மா, தப்பே இல்ல” என்றார். அந்த அம்மா ஆறு தரம் வேண்டாம் என்றார். ஏழாவதையும் எட்டாவதையும் எடுத்துக்கொண்டு போனார்.

நான் துள்ளி எழுந்தேன். ரஹீம் பாயின் கையைப் பிடிக்காத குறையாகக் கல்லாவுக்கு அழைத்துக்கொண்டு போய், அண்ணாச்சி எதிரிலேயே கேட்டேன்: பாய், வந்தவர்களை ‘வேண்டாம்’ சொல்ல விட்டால் வியாபாரம் படுத்துவிடாதா? அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “இன்னாம்மா இப்டி கேக்கற? வேணாம்னு சொல்ல வுடாத கடைல பயந்துகினு எவ்ளோ நேரம் நிப்பாங்க? சொல்ல வுட்டாத்தான் குந்தி நிதானமா பாப்பாங்க.”

அண்ணாச்சி என் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு பொத்தானும் ஒரே அளவு, இரண்டுமே பட்டுச் சிவப்பு என்று ஒப்புக்கொண்டார். வாசகம் மட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டுமாம். கடைக்கு வருகிறவர்கள் வாயில் தினமும் கேட்பதையே சொன்னார், நான் அப்படியே எழுதிக்கொண்டேன்: “வேண்டாம், சும்மா பார்க்கிறேன்.” எமகண்டம் கழிந்த பிறகு தளத்தில் ஏற்றி, ஜெர்மனிக்கும் தகவல் அனுப்பினோம்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு போன்

இரண்டாம் நாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி கூப்பிட்டார். பொன்மணி போனை ஒலிபெருக்கியில் போட்டாள். பட்டை தொந்தரவாக இருக்கிறது என்று திட்டப்போகிறார் என நினைத்தேன். மாமியின் கதையே வேறு. போன மாசம் சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லாமல் வைத்துக்கொடுக்க நம் தளத்தில் ஒரு மாம்பழக் கலர் புடவை பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து போனில் எதைத் திறந்தாலும் அந்தப் புடவை விளம்பரமாக வந்து நின்றிருக்கிறது. கடைசியில் சம்பந்தியம்மாளுக்குக் கோயில் போட்டோ காட்டும்போதும் வந்துவிட்டது.

“இந்தத் தடவை வேண்டாம்னேன், சமத்தா கேட்டுண்டுது, ஒண்ணும் பின்னாலேயே வரலை. அந்த மாம்பழக் கலரை அவா பார்த்துட்டா, அது எனக்கே இருக்கட்டும்; அவாளுக்கு வேற ஒண்ணு சேர்த்து ரெண்டா அனுப்பிடுங்கோ!”

கெடுவுக்கு முந்தின நாள்

பதில் வரும்போது நான் மாடியில்தான் இருந்தேன். பொன்மணி மின்னஞ்சலைத் திறக்கவே மாட்டேன் என்றாள், நான்தான் திறந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கடை பட்டியலில் தொடரும் என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி: பட்டியலில் இருக்கும் மற்ற இந்தியக் கடைகளுக்கு உங்கள் பட்டையை மாதிரியாகக் காட்ட அனுமதி உண்டா? சம்மதம் கேட்டு அவர்களே நமக்கு எழுதியிருந்தார்கள்! நான் கத்திய கத்தலில் கீழே இருந்து ரஹீம் பாய் ஓடிவந்தார். பொன்மணி சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான், மறைப்பானேன்.

அண்ணாச்சி படியேறி நிதானமாக வந்தார். கடிதத்தை மருமகளையே தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, ஒரு சாவியை மட்டும் கழற்றி அவள் மேஜைமேல் வைத்தார். “மாடி இனி உன் கடை. என்ன எழுதணும், எதை மாட்டணும்னு எங்கிட்ட கேக்க வராத தாயி.”

புடவை விற்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கும் தி. நகரில், மூன்று வாரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி ஒரு ‘வேண்டாம்’ விற்றவள் அநேகமாக நான் ஒருத்திதான்.