அவிநாசிபாளையத்தில் ஒரு நிறைமாதக்காரி

அவிநாசிபாளையத்தில் பஸ் பஞ்சர். டயர் மாற்றி முடிக்கும்வரை எதிரேயுள்ள லைன் வீட்டு வாசலில் நிற்கிறேன். டிசம்பர் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. பனியன் கம்பெனியில் தைக்கும் தூத்துக்குடிப் பெண் ஸ்டெல்லா, கட்டிங் வேஸ்ட் துணியை வைக்கோல்போலப் பரப்பி, வாசலில் கிறிஸ்துமஸ் குடில் வைத்திருக்கிறாள். மாதா, அவர் கணவர் சூசையப்பர், இரண்டு மாடுகள் எல்லாம் பொம்மைகளாய் இருக்க, தீவனத் தொட்டி மட்டும் காலி. வீட்டுக்காரம்மா அதைக் குனிந்து பார்த்துவிட்டுக் கலங்கி நிற்கிறார்.

“ஏங்கண்ணு, கொழந்தைய யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது.”

“இல்லக்கா, இது திருவருகைக் காலம். பாலன் இன்னும் பொறக்கல. இருபத்தி நாலாந்தேதி ராத்திரிதான் வைப்போம். அதுவரைக்கும் ஜெபம் பண்ணிக் காத்திருக்கணும்.”

வீட்டுக்காரம்மா என் பக்கம் திரும்புகிறார். “கேட்டீங்களா? நெறமாசப் புள்ளய மாட்டுக் கொட்டாயில நிறுத்திப்போட்டு ஜெபம் பண்றாங்களாமா. நாயமுங்களா?”

“அன்னைக்கு ஊர்ல யாருமே எடம் குடுக்கலியாம், அம்மா,” என்கிறேன், எனக்குத் தெரிந்தவரையில்.

“அவங்க குடுக்காட்டிப் போறாங்க. எங்கூடு இருக்குதில்லீங்க?”

மாதாவை முந்தானையில் பொதிந்து உள்ளே கொண்டுபோய், முருகன் படத்துக்குக் கீழே துண்டை மடித்துப் போட்டு வைக்கிறார். ஸ்டெல்லா சூசையப்பரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள்.

“அக்கா, இவரு?”

“பிரசவம் பாக்கற எடத்துல ஆம்பளைக்கு என்ன வேல கண்ணு? வெளிய இருக்கட்டும்.”

ஸ்டெல்லா வாசலுக்குத் திரும்பி வருகிறாள். சூசையப்பரை மாடுகளுக்கு நடுவே பத்திரமாக நிறுத்துகிறாள்.