மேகம் பார்த்த பெரியசாமி

பெரியசாமியின் பெயரைக் கேட்டாலே ராயப்பனுக்கு ஏழு வருஷமாக வயிறு எரியும். லாரி ஓட்டுகிறவன், வாயும் சும்மா இருக்காது. "எங்க ஆத்தாளுக்கு மூத்த புள்ள கை மண்ணு வுழாமப் பண்ணிட்டான்யா" என்று டீக்கடையில் திட்டுவான்.

பெரியசாமிக்குத் திண்டிவனத்தில் மேகம் பார்க்கிற உத்தியோகம். "இன்னா பெரிசு, மல்லாட்டை காயப் போடலாமா?" என்று வேர்க்கடலை காயவைக்கிற தெருவே கிண்டல் செய்யும். இடி மேகம் கட்டினால் மீனம்பாக்கத்துக்குப் போன் போடவேண்டும். வருகிற விமானத்தை மேலேயே சுற்றவிடுவதா, பெங்களூருக்குத் திருப்புவதா என்று அதை வைத்துத்தான் அங்கே முடிவு செய்வார்கள். மேகம் விலகினால் மறுபடியும் சொல்லவேண்டும்.

எண்பத்தொன்று மே மாதம் ராயப்பனின் தாய் சவுரியம்மாள் இறந்தாள். அண்ணன் மாசிலாமணி துபாயிலிருந்து பம்பாய் வந்து, மூன்று மணிக்கு மெட்ராஸில் இறங்கவேண்டியவன். வெயிலில் உடம்பு தாங்காது, ஆறு மணிவரை பார்ப்போம் என்று வைத்திருந்தார்கள். பெரியசாமி போட்ட போனால் விமானம் பெங்களூருக்குப் போய்விட்டது. மெட்ராஸில் ஒரு சொட்டு மழை இல்லை. மறுநாள் வந்த மாசிலாமணி மண்மேட்டின்மேல் குப்புற விழுந்து கிடந்தான். அதோடு ஊர்ப்பக்கமே வரவில்லை.

எண்பத்தெட்டில் பெரியசாமி விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஈரல் கெட்டுக் கிடந்தார். வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ராயப்பன் போனான், முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டு வரலாமென்று.

"பெய்யாத மழையப் பெய்யுதுன்னு சொன்ன ஆளுதான நீ?"

"மேகம் நெசந்தாண்டா. ரெண்டரைக்குக் கறுத்துக்கினு வந்துச்சு, போன் போட்டேன். அரை மணியில கடல் பக்கம் திரும்பிடுச்சு. அதைச் சொல்லியிருந்தா பிளேனு நாலு சுத்து சுத்திட்டு அங்கியே எறங்கியிருக்கும்."

"ஏன் சொல்லல?"

"உங்க வூட்டுக்கு வந்துட்டேன். பந்தல் போட ஆளில்ல, ஜல்தியா வான்னு நீதான சொல்லி அனுப்புன?"

ராயப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அன்று மூங்கிலின் மறுமுனையைப் பிடித்தவர் பெரியசாமிதான். பெட்டிக்குத் தோள் கொடுத்தவரும் அவர்தான்.

"இத்தினி வருசம் திட்டினனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாண்ணே?"

"செத்த வூட்டுக்கு வந்ததைக் குத்தமுன்னு எப்பிடிடா சொல்றது?"

பெரியசாமிக்கு மூச்சு இழுத்தது. அப்பனின் வேலையில் இப்போது இருப்பது மகள் கிருஷ்ணவேணி. ராயப்பன் எழுந்தான்.

"லாரி வெளியதான் நிக்குது. பாப்பாவக் கூட்டிக்கினு வர்றேன்."

பெரியசாமி ஜன்னலைப் பார்த்தார். வெளியே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம். எனக்கு எது ஆனாலும் அவளுக்கு இப்போ சொல்லாத. இந்த மேகம் எந்தப் பக்கம் போவுதுன்னு பார்த்துச் சொல்லி முடிக்கட்டும். அப்பாலக் கூட்டிக்கினு வா."